உத்தியோகமும் உடல்வலியும்

பிழைப்பை நாடி மும்பை, தில்லி, கொல்கத்தா நகரங்களுக்கு வந்த நம்மவருள் குமாஸ்தாக்களும் தட்டெழுத்தர்களும் அநேகர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று கணினியின் முன் அமர்ந்திருக்கின்றனர். கருவி மாறியும் கழுத்து வலியும் மணிக்கட்டு வலியும் நீங்கவில்லை. அவற்றுக்கு வயதையும் வாயுவையும் காரணமாகக் கூறி நாம் அமைகிறோம்.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்கள் குறித்து 1700-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். 1713-இல் அதனை விரித்தபோது, எழுத்தர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்கள் கூறினார்: இடைவிடாது அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக ஓயாது இயக்குதல், மனத்தின் இறுக்கம்.

அவர் கூற்று இன்றும் பொருந்துகிறது. அசைவின்றி இறுகிய தசையில் இரத்த ஓட்டம் குறைந்து களைப்பு தங்குகிறது. ஓயாத அசைவினால் தசைநாணின் உறை வீங்குகிறது. மணிக்கட்டின் குறுகிய வழியில் அவ்வீக்கம் நரம்பை நெருக்கினால் விரல்கள் மரத்துப்போகும். பளு தூக்குவோருக்குக் குனிந்த நிலையும், இயந்திரம் பிடிப்போருக்கு அதிர்வும் தீங்கு செய்யும்.

ஆகவே, தைலம் தடவுவதோடு நில்லாது வேலை செய்யும் முறையையும் திருத்துதல் வேண்டும். பாதங்கள் தரையில் படியட்டும். முழங்கை மேசை மட்டத்தில் இருக்கட்டும். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக அமையட்டும். அரைமணிக்கொருமுறை எழுந்து நடத்தல் நலம். தாழ்ந்த மேடையில் குனிந்து சமைக்கும் இல்லத்தரசியர் மேடையை உயர்த்திக்கொள்வது நன்று. இரவில் விரல் மரத்தாலும், பிடி தளர்ந்தாலும் தாமதியாது மருத்துவரை நாடுக.

ஏற்ற நாற்காலி கேட்க எவரும் கூச வேண்டுவதில்லை. எழுதப் பேனா கேட்பது போன்றதே அதுவும்.