ஐம்பதிலும் வளையும் விரல்கள்



கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. வெளிநாடு போன மகன் விட்டுச்சென்ற கிட்டார் வீட்டில் சும்மா கிடக்கிறதாம். "எனக்கு வயது ஐம்பது. பழகிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, என் கதையைச் சொல்கிறேன். அதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பதினெட்டு வருடம் கொழுந்து பறித்தவள் நான். என் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கிட்டார் வாங்கி, தீபாவளி லீவில் கொண்டு வந்து, லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்தான். திரும்பிப் போகும்போது, "அடுத்த தடவை வந்து வாசிக்கிறேன்" என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். 2007ஆம் ஆண்டு போனவன்தான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கிட்டார் காம்பராச் சுவரில் ஆணியில் தொங்கியது. யாரும் தொட அம்மா விடமாட்டார். பல வருடம் கழித்து ஒரு மழை நாளில் தூசு தட்டுவதற்காக எடுத்தேன். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. மரத்தின் பின்பக்கம் பூஞ்சணம் பூத்திருந்தது. மனசு பதறிவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதைக் கெட்டுப்போக விட்டிருந்தோம்.

புதுக் கம்பி போட்டுத் தந்தவன் பக்கத்து லயத்து அக்காவின் மகன். தேவாலயத்தில் வாசிக்கிறவன். "பெரியம்மா, சும்மா வச்சா மறுபடியும் கெட்டுப் போகும். நீங்களே பழகுங்க" என்றான். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அம்மாவுக்குக் கோபம். "அவன் வந்து கேட்டா என்னடி சொல்லுவ?" என்றார்.

"கெடாம வச்சிருந்தேன்னு சொல்லுவேம்மா. வாசிச்சுத்தான் கெடாம வச்சிருந்தேன்னு சொல்லுவேன்."

அம்மா பேசவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கிட்டார் எந்த வகை என்று பாருங்கள். மெல்லிய மூன்று கம்பிகளும் தங்கூசி போல இருந்தால் அது நைலோன் கம்பிக் கிட்டார். விரலுக்கு இதமானது. அதற்கு ஒருபோதும் இரும்புக் கம்பி போடாதீர்கள். இரும்புக் கம்பியின் இழுவை அதிகம், கீழே கம்பி கட்டும் கட்டை பெயர்ந்துவிடும்.

அடுத்தது சுருதி. தடித்த கம்பியிலிருந்து மெல்லியதுவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று ஆறு சுரங்கள். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிச் செயலி போதும். முறுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். நான் அவசரப்பட்டு முதல் நாளே ஒரு கம்பியை அறுத்தேன். சுருதி சேராத கிட்டாரில் சரியாக வாசித்தாலும் பிழையாகத்தான் கேட்கும். பலர் "எனக்கு வராது" என்று கைவிடுவது இதனால்தான்.

மூன்றாவது, விரல் வலி. கொழுந்து பறித்த கைதானே, வலிக்காது என்று நினைத்தேன். ஆனால் எனக்குக் காய்த்துப் போயிருந்தது பெருவிரலும் ஆட்காட்டி விரலின் பக்கமும்தான். கம்பியை அழுத்துவது இடது கை விரல்களின் நுனி. முதல் இரண்டு மூன்று கிழமை எரியும். பிறகு தோல் தடித்துவிடும். அதுவரை ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் வாசிப்பது பலன் தரும். தோல் வெடித்திருந்தால் ஆறும்வரை நிறுத்துங்கள்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்காக உலோகக் கோடுகள் இருக்கும். விரலைக் கோட்டின் மேலே வைக்காமல், தலைப்பக்கமாக அதை ஒட்டி வையுங்கள். பாதி பலத்தில் அழுத்தினாலே சத்தம் தெளிவாக வரும்.

பல கம்பிகளைச் சேர்த்து ஒலிப்பதைக் 'கோட்ஸ்' என்பார்கள். இரண்டோடு தொடங்குங்கள். மெல்லிய கம்பியை முதலாவது என்று எண்ணுங்கள். ஐந்தாவது, நான்காவது கம்பிகளை இரண்டாம் கட்டத்திலும், மூன்றாவது கம்பியை முதல் கட்டத்திலும் அழுத்தினால் ஈ மேஜர். அதே மூன்று விரல்களையும் வடிவம் மாறாமல் மெல்லிய கம்பிப் பக்கமாக ஒரு கம்பி நகர்த்தினால் ஏ மைனர். இதற்குத் தடித்த ஆறாவது கம்பியைத் தட்டக்கூடாது. ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். எனக்கு முதல் நாள் நான்கு. ஒரு மாதத்தில் இருபது. நமக்குத் தெரியாமலே முன்னேறுகிறோம் என்பதற்கு அந்தக் கொப்பிதான் சாட்சி.

எங்களைப் போல மழையும் பனிமூட்டமும் உள்ள இடத்தில் இருப்பவர்கள் கிட்டாரை வெளிச்சுவரில் தொங்கவிடாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்துப் பைக்குள் வையுங்கள்.

அமெரிக்காவில் எலிசபெத் கொட்டன் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். 1893இல் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டு வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் தன் முதல் கிட்டாரை வாங்கினார். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானாகவே பழகினார். பிறகு குடும்பம், வேலை என்று பல பத்தாண்டுகள் வாசிப்பதையே விட்டுவிட்டார். வயதான பின் சீகர் என்ற இசைக் குடும்பத்தின் வீட்டில் வேலை பார்த்தபோதுதான் மறுபடியும் கையில் எடுத்தார். அவருடைய முதல் இசைத்தட்டு 1958இல், அறுபது வயது தாண்டிய பிறகு வந்தது. 1985இல் கிராமி விருதும் பெற்றார்.

நம் மலையகத்திலும் மீனாட்சியம்மை இருந்தார். கோ. நடேசய்யரின் துணைவியார். 1930களிலும் 40களிலும் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர். 1940இல் தொழிலாளர் துயரத்தைப் பாட்டுகளாக்கிப் புத்தகமாகவும் வெளியிட்டார். பெண் கூட்டத்தில் பாடுவதா என்று கேட்கக்கூடிய காலம் அது. இன்று உங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு மாலை, ஏ மைனரை மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா தம்பிக்குப் பாடிய தாலாட்டைத் தன்பாட்டில் முணுமுணுத்தார். நான் தலை நிமிரவில்லை. பாட்டு நின்றுவிடும் என்று பயம். முடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன். முடிந்ததும், "நாளைக்கும் வாசிப்பியா?" என்று கேட்டார்.

ஆகவே கிளிநொச்சிச் சகோதரி, நாளைக்கே சுருதி சேருங்கள். அடுத்த முறை மகன் அழைக்கும்போது அந்த இரண்டு கோட்ஸையும் வாசித்துக் காட்டுங்கள். கொப்பியில் எழுதிய எண்ணிக்கையை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.