விசுவாசம் யாருக்கு?

சீன வாள்சண்டைப் படங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் புழங்குகின்றன. ஒன்று முற்போக்குப் பல்லவி: வீரனின் விசுவாசம் நிலப்பிரபுத்துவ மதிப்பீடு, அதைக் கொண்டாடும் படம் பிற்போக்கானது. மற்றது திரைப்பட விழாக்களில் தயாராவது: கதை வெறும் சாக்கு, அதை விடுங்கள், படத்தொகுப்பின் தாளத்தைப் பாருங்கள். இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்துகொள்கிறார்கள். ஆனால் படத்தை உருவம், உள்ளடக்கம் என்று கூறுபோட்டு ஆளுக்கொரு துண்டை எடுத்துப் போவதில் இருவரும் பங்காளிகளே. கிங் ஹூவின் 'டிராகன் இன்' (1967) இந்தப் பாகப்பிரிவினைக்கு உட்படாத படம்.

ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனத்தை விட்டு விலகித் தைவான் சென்ற கிங் ஹூ அங்கே எடுத்த முதல் படம் இது. 1457-ம் ஆண்டு, மிங் வம்சத்து ஆட்சி. யூ சியன் என்ற அமைச்சரின் தலை வெட்டப்படுகிறது. அவருடைய பிள்ளைகள் எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தப்படுகிறார்கள். அவர்களை வழியிலேயே தீர்த்துக்கட்ட, அரண்மனை அலி ஒருவனின் கீழ் இயங்கும் ரகசியக் காவல் படை ஆட்களை அனுப்புகிறது. பாலையோரத்துத் தனித்த விடுதியில் அவர்கள் வழிப்போக்கர்களைப் போல வந்து இறங்குகிறார்கள். அதே விடுதிக்குப் பிள்ளைகளைக் காக்க வந்தவர்களும் வழிப்போக்கர்களாகவே வருகிறார்கள். விடுதிக்காரர் கொல்லப்பட்டவரிடம் பணியாற்றியவர். வந்தவர்களில் ஆண் வேடமிட்ட ஒரு பெண்ணும் உண்டு.

இங்கே அரசனுக்கு விசுவாசமானவர்கள் யார்? அரச அதிகாரம் முழுவதும் கொலைகாரர்களின் கையில் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் விடுதிக்காரரும் கூட்டாளிகளும் ராஜத்துரோகிகள். காவல் படையிலிருந்து அணி மாறி வரும் தார்த்தாரியச் சகோதரர்கள் இருவர் செய்வதும் துரோகமே. படம் அந்தத் துரோகத்தின் பக்கம் நிற்கிறது. நிலப்பிரபுத்துவ விசுவாசம் என்று முத்திரை குத்துபவர் படத்தைப் பார்க்கவில்லை, தன் முத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நமக்குப் பழக்கமான செஞ்சோற்றுக்கடனைக் கொண்டும் இதை அளக்க முடியாது. அந்தக் கடனைப் பெற்றுக்கொள்ள ஒருவன் உயிரோடு இருக்க வேண்டும். இவர்கள் கடன்பட்டிருப்பது ஒரு பிணத்துக்கு. பிணம் பட்டம் தராது, பதவி தராது, நன்றிகூடச் சொல்லாது. பெறுபவன் இல்லாத இடத்தில் எஞ்சுகிற விசுவாசம் அடிமைத்தனமாக இருக்க முடியாது.

யூ சியன் கற்பனைப் பாத்திரமல்லர். 1449-ல் பேரரசன் மங்கோலியரிடம் கைதியானபோது, அவனுடைய தம்பியை அரியணையில் ஏற்றும் முடிவுக்குத் துணைநின்று, பெய்ஜிங்கைக் காத்தவர். கைதியான அரசனைவிட நாடு பெரிது என்பது அதன் அர்த்தம். மறு ஆண்டு திரும்பி வந்த அந்த அரசன் 1457-ல் மீண்டும் அரியணையைப் பிடித்ததும் யூ சியனைக் கொன்றான். பின்வந்த அரசு அவருக்கு மரியாதையைத் திருப்பித் தந்தது. தலையைத் தர முடியவில்லை. ஆக, படம் எந்த மனிதனின் பெயரால் தொடங்குகிறதோ அவனே விசுவாசத்தின் பொருளை மாற்றிப் போட்டவன்.

இனி 'தாளம்' என்று கண் சொருகுபவர்களிடம் வருவோம். ஷி ஜுன் நடிக்கும் நாயகன் நூடுல்ஸ் கிண்ணத்தை அறையின் மறுகோடிக்கு வீசுகிறான். சிந்தாமல் மேசையில் போய் உட்காருகிறது. வித்தைதான். ஆனால் சுற்றிலும் உளவாளிகள் இருக்கும் அறையில், வாளை உருவாமல், விருந்தோம்பலின் பாவனையிலேயே தன்னைச் சற்றே காட்டி உடனே மறைத்துக்கொள்ளும் செயல் அது. கிங் ஹூவின் வெட்டுகளும் அப்படியே. ஒரு பாய்ச்சலின் தொடக்கமும் முடிவும் தெரியும், நடுவில் நடந்தது கண்ணுக்குத் தப்பிவிடும். வீரம் கதையில் எப்படி ஒளிந்திருக்கிறதோ அப்படியே திரையிலும் ஒளிகிறது. ஒளியாமல் உயிர் வாழ முடியாத உலகத்தின் உருவம் இது. கதையைக் கழற்றி வைத்துவிட்டு இதை ரசிப்பவர் கிண்ணத்தைப் பார்த்தார், அறையைப் பார்க்கவில்லை.

அந்த அறை 1457-ஐச் சேர்ந்தது மட்டுமல்ல. 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்த தீவு தைவான். அங்கே ரகசியக் காவலைப் பற்றிப் படம் எடுப்பது சாதாரணக் காரியமா? எதிரே உள்ள பெருநிலத்து ஆட்சியைத்தான் படம் சாடுகிறது என்று ஆட்சியாளர்கள் சொல்லிக்கொள்ளலாம். கொட்டகையில் உட்கார்ந்தவன் வேறு எதையாவது நினைத்துக்கொள்ளலாம். படமே மாறுவேடத்தில் வந்திருக்கிறது.

குறை உண்டு. தீமை முழுவதையும் அலி ஒருவன் தலையில் கட்டிவிட்டு, கொலைக்கு ஆணையிட்ட அரசனைத் திரைக்கு வெளியே பத்திரமாக வைத்தது கோழைத்தனம். இறுதிச் சண்டையில் அவனுடைய உடற்குறையை நாயகர்கள் கேலி செய்வது மலினம். அரசனை மறைப்பதற்கு அந்தக் கேலி தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அதே சண்டையில், அந்த எதிரியை எவராலும் தனியாக வெல்ல முடிவதில்லை. அனைவரும் சேர்ந்தே வீழ்த்துகிறார்கள். ஒற்றை மீட்பரை வணங்கிப் பழகிய ரசனைக்கு இது உறைக்க வேண்டும்.

2003-ல் சாய் மிங் லியாங், மூடப்படவிருக்கும் கொட்டகையில் இதே படம் ஓடுவதாக ஒரு படம் எடுத்தார். அதில் ஷி ஜுனும், அன்று அவருக்கு எதிரியாக நடித்த மியாவ் தியனும் முதியவர்களாக வந்து தங்கள் இளமையைத் திரையில் பார்க்கிறார்கள். கொட்டகை கிட்டத்தட்டக் காலி. கைதட்ட ஆளில்லாத இடத்தில் ஒன்றைப் பற்றி நிற்பதற்குத்தான் விசுவாசம் என்று பெயர். இதைப் பிற்போக்கு என்பவர்களும் வெறும் தாளம் என்பவர்களும் தாங்கள் எந்தக் கூட்டத்தின் கைதட்டலுக்காக எழுதுகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.