காக்கா ஆழிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது யார்?

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் கோபமான பதிவு.

எண்ணூர் கொசஸ்தலை ஆற்றில் சேற்றைத் தடவி, கையாலேயே இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது அந்தச் சேற்றை ஒரு கருப்பு மட்டி பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டு வருகிறது. மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு இடமில்லை, மஞ்சள் மட்டியும் போச்சு என்கிறார்கள்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. நீந்தி வந்திருக்குமா என்ன? கப்பல்கள் பாரத்துக்காக ஒரு துறைமுகத்தில் கடல்நீரை நிரப்பி, இன்னொரு துறைமுகத்தில் கொட்டும். அந்த நீரில் மட்டிக் குஞ்சுகள் வரும். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டும் வரும். விஞ்ஞானிகள் சந்தேகப்படும் இந்த இரண்டு வழியுமே கப்பல்தான்! ஆனால் நம்மாட்கள் இதை "இயற்கை" கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

சிலர் "பிடிச்சு சாப்பிட வேண்டியதுதானே" என்கிறார்கள். மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி சார். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த, 2023 டிசம்பரில் எண்ணெய் பரவிய ஆற்றில் அது எதை வடிகட்டியிருக்கும்? முதலில் நீங்க சாப்பிட்டுக் காட்டுங்க.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைப் பாருங்கள். 1999 மார்ச்சில் படகுத்துறைகளில் ஒரு அந்நிய மட்டியைக் கண்டார்கள். காரணம், ஆள் வைத்துத் தேடினார்கள். உடனே மதகுகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டி, சில வாரங்களில் ஒழித்தார்கள். அதே மட்டி நம்ம விசாகப்பட்டினத்துக்கு 1960களிலேயே வந்துவிட்டது. நாம் பழகிக்கொண்டோம்!

கொசஸ்தலைக்கு மதகு போட்டு மருந்து ஊற்ற முடியாது, அது ஓடுகிற ஆறு. அதனால்தான் தடுப்பது முக்கியம். கப்பல் பாரநீருக்கான சர்வதேச ஒப்பந்தம் 2004இல் எழுதப்பட்டு, 2017 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. பதிமூன்று வருஷம்! மட்டி அதுவரை காத்திருக்குமா?

நான் கேட்பது ரெண்டே ரெண்டு. ஒவ்வொரு துறைமுகத்திலும் வருஷா வருஷம் நீருக்கடியில் தேடிப் பார்க்கணும். அள்ளும் செலவையும் இறாலை இழந்தவர்களின் நஷ்டத்தையும் கப்பலால் லாபம் பார்ப்பவர்கள் கட்டணும். லாபம் ஒருத்தருக்கு, மட்டி இன்னொருத்தருக்கா?

மறுத்துப் பேச விரும்புபவர்கள் தாராளமாக வாங்க. "இயற்கை" என்ற வார்த்தையை மட்டும் வாசலில் விட்டுட்டு வாங்க.