நம் சாலையில் ஓடும் லோரியையும் கட்டிப் பாருங்கள்

மாதிரி வாகனம் கட்டுவதை வெட்டி வேலை என்று சொல்லும் பெற்றோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு எழுதப்பட்டதன்று. அந்தப் பொழுதுபோக்கில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் என் வயது நண்பர்களிடம்தான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அவர்களில் பலருடைய அலமாரியைப் பார்த்திருக்கிறேன். ஃபெராரி இருக்கும், நிசான் ஸ்கைலைன் இருக்கும், போர்ஷே இருக்கும். அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் லோரி மட்டும் இருக்காது.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சிறு விளக்கம். உண்மையான காரை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களாக ஒரு பெட்டியில் அடைத்துத் தருவார்கள். 4.8 மீட்டர் நீளமுள்ள கார் நம் மேசைமேல் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். 12 மீட்டர் லோரி அரை மீட்டர். பாகங்களை வெட்டி எடுத்து, வார்ப்புத் தழும்பைத் தேய்த்து, ஒட்டி, சாயம் பூசுவது எல்லாம் நம் வேலை. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய தாமியா நிறுவனம் இன்று இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த பெயர்.

"தம்பி, இதுக்கு எஸ்.பி.எம்.-ல மார்க்கு கிடைக்குமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். கிடைக்காது. ஆனால் அவருடைய மகன் என் மேசையில் உட்கார்ந்து விகிதக் கணக்கு போடுகிறான். காரின் கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி 4 மில்லிமீட்டர் என்றால், மாதிரியில் அது எவ்வளவு? 0.17 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் சாயத்தைத் தடிப்பாக ஒரே முறையில் அப்பினால் கதவுக் கோடு மூடிப்போகிறது. மெல்லிய பூச்சாகப் பலமுறை தெளிக்க வேண்டியிருக்கிறது. உண்மைக் காரின் அதே சாயத்தை மாதிரிக்குப் பூசினால் நிறம் கூடுதல் இருட்டாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்தால்தான் கண்ணுக்குச் சரியாக வரும். இதைப் புத்தகத்தில் படிப்பதற்கும் கையால் கலந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது, கட்டி முடித்த வண்டியை அழுக்காக்கும் கட்டம். (என் அம்மாவுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை.) ஓடும் லோரியில் தூசி எங்கே அதிகம் படிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பின்பக்கத்தில். வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து, காற்று சுழன்று, சக்கரம் கிளப்பிய தூசியை இழுத்துப் பின்கதவில் ஒட்டிவிடுகிறது. துரு, மழைநீர் தேங்கும் கதவின் அடிவிளிம்பில்தான் முதலில் எட்டிப்பார்க்கும். வண்ணச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் பொடியாக்கி, தூரிகையால் அந்தந்த இடத்தில் தடவ வேண்டும். இடம் மாறிப் பூசினால், லோரியோடு பழகிய ஒருவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

என் அப்பா அப்படிப்பட்டவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுகிறார். அவருடைய வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எழுந்ததே குறைவு. பள்ளிப் பாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஓட்டுநர் என்று எழுதுவதோடு சரி. அவருடைய லோரியைக் கட்டலாம் என்று முடிவெடுத்து, ஓய்வு நாளில் அளவு நாடாவோடு அவர் பின்னால் போனேன். டிரெய்லரைத் தாங்கும் இணைப்புத் தட்டில் எதற்கு இவ்வளவு கிரீஸ் என்று கேட்டேன். "காஞ்சு போச்சுன்னா வளைவுல வண்டி ஒழுங்கா திரும்பாதுப்பா, ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும்" என்றார். கொள்கலனின் நான்கு மூலைகளிலும் இருக்கும் பூட்டுகளைக் காட்டி, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தானே சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவதாகச் சொன்னார். இருபது ஆண்டுகளாக அவர் செய்துவரும் வேலை. நான் கேட்டது அன்றுதான்.

நம் ஊர் லோரிக்குப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஐரோப்பிய ஸ்கானியா, வால்வோ லோரிகளை இத்தாலியின் இத்தாலேரி நிறுவனம் 24-இல் ஒரு பங்கு அளவில் செய்கிறது. ஜப்பானின் அவோஷிமா இன்னும் ஒருபடி மேல். அந்நாட்டு ஓட்டுநர்கள் விளக்குகளாலும் ஓவியங்களாலும் அலங்கரித்த லோரிகளையே மாதிரிகளாக்கி விற்கிறது. தங்கள் ஓட்டுநர்களின் ரசனையைப் பெட்டியில் போட்டு உலகத்துக்கு அனுப்பத் தகுந்ததாக அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஹினோ, இசுசு, ஃபூசோ வண்டிகள் நம் சாலையிலும் ஓடுகின்றன. முன்பகுதியைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, செம்பனைக் குலை ஏற்றும் பின்தொட்டியை அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் நாமே வெட்டிச் செய்யலாம். கதவில் நிறுவனத்தின் பெயரோடு, சுமையில்லாத எடையும் சுமையோடு கூடிய எடையும் மலாயில் எழுதியிருக்குமே, அதை எந்த வெளிநாட்டுப் பெட்டியும் தராது. நாம்தான் எழுத வேண்டும்.

செலவு ஒரு தடைதான். நல்ல பெட்டி நூறு ரிங்கிட்டைத் தாண்டிவிடும், லோரி என்றால் இன்னும் கூடும். பள்ளி மாணவர்கள் ஹாட் வீல்ஸிலிருந்து தொடங்கலாம். அதன் அடியில் மலேசியாவில் தயாரிக்கப்பட்டது என்று பொறித்திருப்பதைப் பாருங்கள். பினாங்கில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. அடித்தட்டின் ஆணியைத் துளையிட்டுக் கழற்றி, பழைய சாயத்தை நீக்கி, புதிதாகப் பூசிப் பழகலாம். சாயம் தெளிக்கும்போது முகக்கவசமும் திறந்த சன்னலும் கட்டாயம். துளையிடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை பதின்ம வயதினருக்கு மாதிரி வாகனப் போட்டி நடத்தி, வென்றவர்களுக்குப் பல்கலைக்கழக உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1947-இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைத் துணைத் தலைவரானார். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே நடத்தினார்கள் என்பது அந்தப் போட்டியின் குறை. அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடமே இருக்கிறது. நம் இயக்கங்கள் பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி, வண்ணம் தீட்டும் போட்டி எல்லாம் நடத்துகின்றன. மேடையில் பேச வராத, ஆனால் கை நன்றாக ஓடும் பிள்ளைக்கு அங்கே இடம் எங்கே? பள்ளி விடுமுறையில் ஒரு மாதிரி வாகனப் போட்டி வையுங்கள். வீட்டிலோ தாமானிலோ தினமும் பார்க்கும் வாகனமாக இருக்க வேண்டும் என்பது ஒரே விதி. குப்பை லோரி, ஐஸ் லோரி, பள்ளிப் பேருந்து, எதுவானாலும் சரி. அட்டையில் செய்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நடுவர்களில் ஒருவராக ஒரு லோரி ஓட்டுநரை அழையுங்கள். பிரேக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று பிள்ளைகளிடம் அவர் கேட்கட்டும்.