பாட்டுக்கும் கூலி உண்டு



வேலையாளின் கூலியைப் பிடித்து வைப்போரை யாக்கோபின் திருமுகம் (5:4) கடுமையாகக் கண்டிக்கிறது. இது வயலில் உழைப்பவருக்கு மட்டுமா? பாட்டு எழுதுகிறவரும் இசையமைப்பவரும் உழைப்பாளிகளே.

காசு கொடுத்து உருவாக்கப்படும் திரைப்பாடலுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடல் ஊரெங்கும் ஒலித்தாலும், எழுதியவருக்கு ஒருமுறை வாங்கிய தொகையோடு சரி. 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இந்நிலையை மாற்றியது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. வேண்டாமென்று எழுதி வாங்கினாலும் செல்லாது. படம் சாராத ஒலிப்பதிவுகளுக்கும், ஆகவே நம் பக்திப்பாடல் தொகுப்புகளுக்கும் இது பொருந்தும்.

திருவழிபாட்டில் பாடுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே பாடலைப் பதிவுசெய்து விற்பதற்கு அவ்விலக்கு இல்லை. "ஆண்டவருக்காகத்தானே!" என்று சொல்லி, எழுதியவரின் பெயரைக்கூடப் பலர் விட்டுவிடுகிறோம். பெயரும் சட்டம் தந்த உரிமையே.

நேரிய கூலி தருவது இரக்கமல்ல, நீதி. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட சுற்றுமடல் முதல் திருச்சபை கற்பித்து வருவது இதுவே.

பாடகர் குழுவினரே, அனுமதி கேளுங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்யுங்கள், பெயரை அச்சிடுங்கள். பிறருடைய கூலியை நம் காணிக்கையாக்க வேண்டாம்.