காத்திருந்த காவலர்



கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். அவர்களுள் பதின்மருக்கு இடம் மாறி ஆடவும், களைத்தபோது வெளியேறி இளைப்பாறவும் வழி உண்டு. கோல் காவலருடைய நிலை வேறு. இரு கம்பங்களுக்கு இடையே ஒருவருக்குத்தான் இடம். அவர் காயமுற்றாலோ, பயிற்சியாளரின் நம்பிக்கையை இழந்தாலோதான் அடுத்தவருக்கு வாய்ப்பு. சம ஆற்றலுள்ள இருவர் ஒரே காலத்தில் தோன்றிவிட்டால், ஒருவர் ஆட, மற்றவர் ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜப்பான் நாட்டில் அவ்வாறு தோன்றிய இருவரின் வாழ்வு நம் இல்லங்களுக்கு நல்ல பாடம்.

மூத்தவர் யோஷிகாட்சு காவாகுச்சி. 1975-ஆம் ஆண்டு பிறந்தவர். இளையவர் சேய்கோ நாரஸாகி. எட்டே மாதங்கள் பின்னால் பிறந்தவர். 1996 ஒலிம்பிக் போட்டியில் ஜப்பான் இளைஞர்கள் பலம் பொருந்திய பிரேசிலை 1-0 என வென்றபோது, அலையலையாய் வந்த பந்துகளைத் தடுத்து நின்றவர் காவாகுச்சி. 1998-இல் ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. மூன்று ஆட்டங்களிலும் அவரே காவலர். நாரஸாகி ஓரத்தில் அமர்ந்திருந்தார்.

2001-இல் காவாகுச்சி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அணிக்குச் சென்றார். 2002 சனவரியில் அவ்வணி தன்னிலும் கீழ்ப்பிரிவு அணியொன்றிடம் 1-4 எனத் தோற்றது. அத்துடன் அவர் இடம் பறிபோயிற்று. அதைப் பெற்றவர் 42 வயதான முதுபெரும் காவலர்! அவ்வாண்டு உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தது. சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னிலையில், நான்கு ஆட்டங்களிலும் நாரஸாகி நின்றார். இம்முறை ஓரத்தில் அமர்ந்திருந்தவர் காவாகுச்சி.

காலச்சக்கரம் மீண்டும் சுழன்றது. 2004 ஆசியக் கோப்பைக் காலிறுதியில் ஜோர்தானுக்கு எதிராகப் பெனால்டி உதைகளால் வெற்றியை முடிவு செய்யும் கட்டம். ஜப்பானின் முதல் இரு உதைகளும் வீணாயின. எல்லாம் முடிந்தது என்றிருந்த வேளையில் காவாகுச்சி எதிரணியின் உதைகளைத் தடுத்து அணியைக் கரையேற்றினார். கோப்பையும் ஜப்பானுக்கே கிட்டியது. 2006 உலகக் கோப்பையிலும் அவரே காவலர். குரோவேஷியாவின் பெனால்டி உதை ஒன்றையும் தடுத்தார். நாரஸாகி மறுபடியும் ஓரத்தில் இருந்தார்.

2009-இல் காவாகுச்சியின் கால் எலும்பு முறிந்தது. இருந்தும் 2010-இல் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் அணியில் பயிற்சியாளர் தகேஷி ஒகாடா அவரைச் சேர்த்தார். 1998-இல் அவரை முதல் காவலராக நிறுத்திய அதே ஒகாடாதான். இப்போது அளித்ததோ மூன்றாம் காவலர் என்னும் இடம். அதனுடன் குழுவை ஒன்றாகக் கட்டிக்காக்கும் தலைவர் பொறுப்பு! போட்டி தொடங்கும் தறுவாயில் நாரஸாகியின் இடமும் போயிற்று. 1983-இல் பிறந்த எய்ஜி காவாஷிமா முதல் காவலரானார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஓரிடத்துக்குப் போட்டியிட்ட இருவரும் ஒருசேர ஓரத்தில் அமர்ந்து, இளையவர் ஆடுவதைக் கண்டனர். ஜப்பான் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாயிற்று. அயல்நாட்டு மண்ணில் அந்நிலையை எட்டியது அதுவே முதன்முறை. காவாகுச்சி ஒரு நிமிடமும் ஆடவில்லை.

தாயகம் திரும்பிய நாரஸாகி சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு அவருடைய நகோயா அணி நாட்டு முதற்பிரிவுப் பட்டத்தை வென்றது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. கோல் காவலர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. காவாகுச்சியோ பின்னர் இரண்டாம் பிரிவிலும், அதன்பின் மூன்றாம் பிரிவிலும் ஆடி, 2018-இல் தம் 43-ஆம் வயதில் ஓய்வுபெற்றார். நாட்டுக்காக 116 ஆட்டங்கள் ஆடியவர் சிறிய அணிகளில் நிற்பதை இழிவாகக் கருதவில்லை. 2024-இல் காவாஷிமா ஜுபிலோ இவாட்டா அணியில் சேர்ந்தபோது, அங்கே காவலர்களுக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? காவாகுச்சியே!

நம் பங்குகளை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் பாடகர் குழுவை நடத்தியவர், அப்பொறுப்பு இளையவர் ஒருவருக்குச் சென்ற மறு ஞாயிறே பூசைக்கு வேறு கோவிலை நாடுகிறார். தன் கையிலிருந்த சாவிக்கொத்து மருமகள் இடுப்புக்கு மாறியதும், பேச்சை நிறுத்திவிடும் மாமியாரும் உண்டு. இடம் போனபின் தனக்கு மதிப்பேது என்பதே இவர்கள் மனத்தை அரிக்கும் அச்சம். அந்த அச்சம் பொல்லாதது. அதை எள்ளி நகையாடலாகாது. ஆயினும் அதற்கு இடங்கொடுத்தால் கெடுவது ஒருவர் மனம் மட்டுமா? குழுவும் குடும்பமும் சேர்ந்தே உடைகின்றன.

திருக்குடும்பத்தின் காவலரான புனித சூசையப்பர் பேசியதாக நற்செய்தி ஏடுகளில் ஒரு சொல்லும் இல்லை. பாலனையும் தாயையும் காத்தார், தச்சுத்தொழில் செய்தார், ஆண்டவர் வெளிப்படையாகப் போதிக்கத் தொடங்கிய நாட்களில் அவரை நாம் காண்பதில்லை. அவர் காத்து வளர்த்த பிள்ளையோ உலகை மீட்டார்.

ஆகவே, பொறுப்பை ஒப்படைக்கும் பெரியோரே, உங்கள் இடத்தில் அமர்ந்தவருக்கு உங்களுக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொடுங்கள். பொறுப்பேற்கும் இளையோரே, முன்னிருந்தவரை ஒதுக்கிவிடாமல், அவர் வீட்டுக்குச் சென்று ஆலோசனை கேளுங்கள். அவர் உள்ளம் அதற்காகவே காத்திருக்கலாம்.