வழியில் நின்றவனும் ஊர்விலையும்

சொந்த ஊரிலே வண்டி பழுதுபட்டால் அது ஒரு செலவு, அவ்வளவுதான். முகமறியாத ஊரிலே, அதுவும் பொழுதுபட்ட பின்னர், பழுதுபட்டால் அது ஒரு சோதனை. அந்தச் சோதனை வண்டிக்காரனுக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவன் நிற்க நேர்ந்த ஊருக்கும் அது சோதனையே. வழியில் நின்றவனிடம் ஓர் ஊர் என்ன விலை கேட்கிறது என்பதைக் கொண்டே அந்த ஊரின் பண்பை அளந்துவிடலாம் என்பது என் துணிபு. அத்துணிபுக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

சென்ற ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் சென்று, யாழ்ப்பாணம் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. பழைய வேன் ஒன்றிலே நாங்கள் ஆறு பேர். அவர்களுள் ஒருவர் எண்பது வயதைக் கடந்த என் தாயார். அக்கரைப்பற்று, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. பெரியகல்லாற்றுக்குள் நுழைந்ததும் பற்றறி விளக்குச் சிவப்பாக எரிந்தது. சிறிது நேரத்தில் வெப்பங்காட்டும் முள் மேலேறத் தொடங்கியது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினோம். மணி இரவு ஒன்பதைத் தாண்டியிருந்தது.

பெரியகல்லாறு ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக, ஒடுங்கிய நிலத்திலே கிடக்கும் ஊர். மட்டக்களப்பிலே சென்று முடியும் ஏ-4 நெடுஞ்சாலை அதனூடாகச் செல்கிறது. புகையிரதப் பாதையோ மட்டக்களப்பு நகரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே வாழ்வோர்க்கு இச்சாலையே கதி. அதிலே வண்டி நின்றால் பயணமும் நின்றதென்றே கொள்ள வேண்டும்.

நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு சயிக்கிள் கடை. முதியவர் ஒருவர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் பதற்றத்தில் ரேடியேற்றர் மூடியைத் திருகப் போனேன். அவர் சாலையைக் குறுக்கறுத்து ஓடிவந்தார்.

"மூடியில கை வையாதீங்க தம்பி, கொதிதண்ணி முகத்தில அடிக்கும். எஞ்சினையும் இனி ஸ்டார்ட் பண்ண வேணாம்."

அன்றிரவு எமக்குக் கிடைத்த முதலாவது உதவி இந்த இரண்டு வாக்கியங்களே. அவற்றுக்கு அவர் விலை கேட்கவில்லை. ஆனால் அவற்றின் பெறுமதி பெரிது. எங்கள் வேனைப் போன்ற பழைய வண்டிகளிலே, பற்றறிக்கு மின்னேற்றும் கருவியையும் தண்ணீரைச் சுழற்றும் பம்பையும் ஒரே பெல்ட்டே இயக்குகிறது. அது அறுந்தால் முதலிலே பற்றறி விளக்கு எரியும். பின்னர் எஞ்சின் கொதிக்கும். 'இன்னும் கொஞ்சத் தூரந்தானே' என்று ஓட்டிச் சென்றால் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிடும். பெல்ட்டின் செலவோடு முடியவேண்டியது எஞ்சினின் செலவாகிவிடும்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வாசலுக்கு வந்தார். "வயசுபோன ஆளை ஏன் ரோட்டில வெச்சிருக்கீங்க? உள்ளுக்குக் கூட்டி வாங்க" என்று என் தாயாரை அழைத்துச் சென்று, பாயை விரித்துப் படுக்கச் செய்து, எமக்கெல்லாம் தேநீர் தந்தார். இதற்குள் சயிக்கிள் கடை முதியவர் தொலைபேசியில் அழைத்த இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். வண்டி திருத்துவது அவர் தொழில். அவரிடம் எங்கள் வண்டிக்கேற்ற பெல்ட் இல்லை. அறுந்ததைக் கையிலெடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மருதமுனைக்குப் புறப்பட்டார். அங்கே உதிரிப்பாகக் கடை பூட்டியிருந்ததாம். கடைக்கார நானாவின் வீட்டுக் கதவைத் தட்டி, அவரை எழுப்பி, கடையைத் திறப்பித்து, பெல்ட்டுடன் திரும்பினார். நான் கைத்தொலைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் வேலையை முடித்தார்.

கூலி கேட்டபோது, பெல்ட் வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து அதிலே கணக்கு எழுதினார். பெல்ட்டுக்குப் பெட்டியில் அச்சிட்டிருந்த விலை, பூட்டிய கூலி, மருதமுனை சென்று வந்த பெற்றோல். மூன்று வரிகள், கீழே கூட்டுத்தொகை. என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவதென்று நான் முன்னரே மனத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன். ஆகவே அதனினும் இருமடங்கான பணத்தை நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்து மிகுதியைத் திருப்பித் தந்தார்.

"இந்த ஊரில ஒராளுக்குப் போட்டாலும் இதத்தான் எடுப்பன் ஐயா" என்றார்.

எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு மாவட்டத்து நகரில், இதே போன்றதொரு சிறு பழுதுக்கு நான்கு மடங்கு விலை கொடுத்தவன் நான். அன்று கடைக்காரர் முதலில் பழுதைப் பார்க்கவில்லை. எங்கள் வண்டியின் இலக்கத் தகட்டைப் பார்த்தார். பின்னர் உறங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். அதன் பின்பே விலையைச் சொன்னார். போன பணத்தை நான் மறந்துவிட்டேன். அந்தப் பார்வையை மறக்கவில்லை.

இவ்விரண்டு இரவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போதே ஓர் உண்மை எனக்குத் தெளிவாகிறது. சந்தையிலே பொருள் வாங்குவோனுக்கு ஒரு பலம் உண்டு. விலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். வழியில் நின்றவன் இழப்பது முதலில் அந்தப் பலத்தைத்தான். அவனுக்கு அடுத்த கடை இல்லை, விலையை விசாரிக்க அறிந்தவர் இல்லை, நேரமும் இல்லை. அப்படிப்பட்டவனிடம் வாங்கும் மிகைப்பணத்தை இலாபம் என்று சொல்ல என் நா எழவில்லை. அவன் ஒப்புக்கொண்டுதானே கொடுத்தான் என்பர் சிலர். வேறு வழியற்றவனின் ஒப்புதலை ஒப்புதலென்று எவ்வாறு கொள்வது?

உதவி என்றாலே இலவசமாகச் செய்வது என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாயும் தேநீரும் தந்த அந்தத் தாயிடம் விலை பேசுவது பாவம். ஆனால் சாலையோரத்திலே கடை வைத்திருப்பவர் ஆண்டு முழுவதும் இலவசமாகவே வண்டி திருத்தினால் அவர் வீட்டில் உலை ஏறாது. தொழிலாளியிடம் நாம் தருமத்தை எதிர்பார்க்கத் தேவையில்லை. ஊர்க்காரனுக்குச் சொல்லும் விலையையே அயலானுக்கும் சொன்னால் அதுவே போதும். வணிகனின் அறத்தைப் பேச வந்த வள்ளுவர், அதனை ஈகை அதிகாரத்தில் வைக்காமல் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணமே வழியோர மக்களின் கைத்திறனால்தான் நிறைவேறியது. 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியைச் சேர்ந்த பெர்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த வண்டியை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, தம் புதல்வர் இருவருடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் வழி. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடையொன்றில் கறைநீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். சங்கிலி பழுதுபட்டபோது கொல்லர் ஒருவர் உதவினார். தடுப்புக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவர் அதற்குத் தோல் அடித்துக் கொடுத்தார். அவர்களுள் எவரும் வண்டி திருத்துவோர் அல்லர். அக்காலத்தில் அப்படியொரு தொழிலே இல்லை. தத்தம் கடையில் இருந்த பொருளையும், தத்தம் கைக்குத் தெரிந்த வேலையையும் வழிப்போக்கருக்குத் தந்தனர். பெரியகல்லாற்றிலே சயிக்கிள் கடைக்காரர் செய்ததும் அதுவே.

பின்னர் வண்டிகள் பெருகின. வண்டிக்காரர்கள் சங்கம் அமைத்தனர். ஜெர்மனியில் 1903ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவில் 1905ஆம் ஆண்டிலும் தோன்றிய அத்தகைய சங்கங்கள் இன்று வழியில் நின்றோர்க்கு ஆள் அனுப்பும் பெருநிறுவனங்களாக விளங்குகின்றன. இவற்றுள் பிரித்தானியச் சங்கம் தோன்றியதன் நோக்கம், வேகமாக ஓட்டுவோரைப் பிடிக்கப் பொலிசார் மறைந்திருக்கும் இடங்களை உறுப்பினர்க்கு அறிவிப்பதாகும் என்பது வேடிக்கையான செய்தி. நமது நாட்டிலும் 1904ஆம் ஆண்டிலேயே மோட்டார் சங்கம் நிறுவப்பட்டது. இத்தகைய ஏற்பாட்டின் சிறப்பு, விலையை முன்னதாகவே தீர்மானித்துவிடுவதில் இருக்கிறது. வீட்டிலே அமைதியாக இருக்கும் வேளையில் மனிதன் சந்தாவைக் கட்டுகிறான். நடுவழியில் பேரம் பேசும் அவலம் அவனுக்கு இல்லை. ஆயினும் அமாவாசை இருளில் கல்லாற்றிலே நின்ற எனக்கு அருகிலிருந்தது எந்தச் சங்கமும் அன்று. பூட்டப்போகும் சயிக்கிள் கடைதான். எமது நாட்டுச் சாலைகளில் பெரும்பாலானோர் நிலை இதுவே.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. உறங்கப்போகும் வேளையில் எழுந்து வந்தவனுக்கு மேலதிகக் கூலி கூடாதா என்பர். கூடும்; கொடுக்கவும் வேண்டும். இரவின் உழைப்புக்குப் பகலின் கூலியை மட்டும் கொடுப்பது வேறொரு அநீதி. நான் கேட்பதெல்லாம், அந்த மேலதிகத்தை வேலையைத் தொடங்குமுன் சொல்லுங்கள், ஊரவர்க்கும் அதையே சொல்லுங்கள் என்பதுதான். விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்கவும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வணிகரைப் பணிக்கிறது. ஆனால் இருட்டிலே, சாலையோரத்திலே, சட்டம் உடனே வந்து நிற்பதில்லை. அங்கே மனச்சாட்சிதான் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். அன்று அந்த இளைஞர் அட்டைத் துண்டிலே எழுதியது அதைத்தான்.

இன்னொரு மறுப்பு அச்சம் பற்றியது. வண்டி பழுதென்று நடித்து வழிப்பறி செய்வோர் இல்லையா என்பர். இருக்கக்கூடும். அஞ்சுவோரைக் குறைகூற நான் துணியேன். எட்ட நின்று விசாரிக்கலாம். தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். பொலிசாருக்கு 119ஐ அழைக்கலாம். அதுவும் உதவியே. ஆனால் அச்சத்தைப் பற்றிப் பேசும் உரிமை எவருக்கேனும் உண்டென்றால், அது இந்தக் கரையோர மக்களுக்கு உண்டு. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரின் காலத்தில் இச்சாலை வழியே இரவுப் பயணம் உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. இரவில் கதவு தட்டப்பட்டால் வீட்டினுள்ளே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த காலம் அது. தமிழூரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி அமைந்த இச்சாலையிலே, ஓரூரார் மற்றோரூராரை ஐயுற்று நோக்கிய ஆண்டுகளும் இருந்தன. அப்படிப்பட்ட சாலையிலே, முன்பின் அறியாத யாழ்ப்பாணத்தானின் வண்டிக்காகக் கல்லாற்று இளைஞர் மருதமுனைக் கதவைத் தட்டினார். அந்தக் கதவும் திறந்தது. இதனைச் சிறு செய்தியென்று என்னால் கருத முடியவில்லை.

மட்டக்களப்பு நோக்கிப் பெரியகல்லாற்றைக் கடந்தால் கோட்டைக்கல்லாறு, அதற்கப்பால் ஓந்தாச்சிமடம், மேலும் வடக்கே குருக்கள்மடம். ஊர்ப்பெயர்களிலே மடம் என்னும் சொல் இன்றும் வாழ்கிறது. கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்களுக்கு இக்கரையோர ஊர்கள் சோறும் தண்ணீரும் கொடுத்து வழியனுப்பும் வழக்கமும் அழியவில்லை. கால்நடையாக வந்தவனுக்கு நம் முன்னோர் மடமும் சுமைதாங்கியும் அமைத்தனர். சக்கரத்தில் வருபவனுக்கு நாம் என்ன அமைத்திருக்கிறோம்? நோயுற்றவனுக்கு 2016ஆம் ஆண்டில் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை இருக்கிறது, நல்ல காரியம். வண்டி நின்றவனுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் வரும் பெருஞ்சாலைச் சந்திகளில் ஒரு பலகை நாட்டினால் போதும். அருகிலுள்ள வண்டி திருத்துநர், ரயர் ஒட்டுபவர், உதிரிப்பாகக் கடைக்காரர் ஆகியோரின் தொலைபேசி எண்களும், அவர்களே கூடிப் பேசி ஒப்புக்கொண்ட பகற்கூலியும் இரவுக்கூலியும் அதிலே இருக்கட்டும். ஒரு பலகையும் சிறிது வர்ணமுந்தான் செலவு. விலை எல்லார் கண்ணிலும் பட எழுதப்பட்டுவிட்டால், நேர்மையானவருக்கு அது பெருமை. மற்றவருக்கு அது கடிவாளம்.

வழியில் நிற்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. உதவ வருபவனைக் கள்வனாக எண்ணி விறைத்துக்கொள்ளாதிருப்பதும், கேட்ட நியாயமான கூலியில் பேரம் பேசாதிருப்பதும், ஊர்போய்ச் சேர்ந்ததும் ஒரு சொல் அறிவிப்பதும் அவன் செய்ய வேண்டியவை. மறுநாட் காலையில் நான் தொலைபேசியில் பேசினேன். "பெல்ட் சத்தம் போடுதா ஐயா?" என்பதே அந்த இளைஞர் கேட்ட முதற் கேள்வி. நான் சொல்ல எண்ணியிருந்த நன்றியுரை முழுவதும் அந்தக் கேள்வியின் முன் நின்றுபோயிற்று.

அன்பர்களே, இன்றிரவு உங்கள் ஊர்ச் சந்தியிலும் ஒரு வண்டி நின்றிருக்கலாம். அதனுள்ளே ஒரு கிழவியோ குழந்தையோ உறக்கமின்றி இருக்கலாம். நீங்கள் அவர்களுக்கு விருந்து படைக்க வேண்டியதில்லை. உங்கள் அயல்வீட்டானுக்குச் சொல்லும் விலையை அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் ஊரின் பெயரை வாழ்நாள் முழுவதும் நல்ல வார்த்தையோடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் பெரியகல்லாற்றின் பெயரைச் சொல்வது போல.